ட்ரோன் வடிவமைக்க எந்த சிமுலேஷன்? எதைக் கணக்கிடலாம், எதைக் கட்டிப் பார்க்கலாம்

டேங்கில் 10 லிட்டர் தண்ணீர் நிரப்பி, நாங்கள் கட்டிய மருந்து தெளிக்கும் ட்ரோனை மேலே ஏற்றினோம். பொள்ளாச்சி பக்கம் ஒரு தரிசு நிலம், காலை ஏழு மணி, காற்றே இல்லை. ட்ரோன் ஆணி அடித்த மாதிரி நின்றது. எட்டு நிமிடம் ஒழுங்காகத் தெளித்தது. டேங்க் காலியாகப் போகிற நேரத்தில் திடீரென்று சத்தம் மாறியது. ஒரு ஆர்ம், அதாவது மோட்டாரைத் தாங்கும் கை, நடுங்குவது கீழே நின்ற எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. அவசரமாக இறக்கிப் பார்த்தால், மோட்டார் மவுண்ட்டில் இரண்டு ஸ்க்ரூ பாதி கழன்று நின்றன.

முழுச் சுமையைத் தாங்கிய ஃபிரேம், சுமை குறைந்த பிறகு ஏன் ஆட வேண்டும்? அன்று மாலை வரை எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதைவிட உறுத்திய விஷயம் வேறு. அதற்கு முந்தைய மூன்று வாரமும் நாங்கள் சிமுலேஷன்தான் செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடியது. நடு உடலின் மேல்மூடியைச் சுற்றிக் காற்று எப்படி வளைந்து போகிறது என்று வண்ண வண்ணமாகப் படம் எடுத்து வைத்திருந்தோம். ஆடப்போகிற ஆர்மைப் பற்றி அந்தப் படங்களில் எதுவும் இல்லை.

அதிலிருந்து, "ட்ரோன் டிசைனுக்கு எந்த சிமுலேஷன் சாஃப்ட்வேர் நல்லது?" என்று யாராவது கேட்டால், நான் பெயர் சொல்வதற்கு முன்னால் "உங்கள் ட்ரோனில் எது தப்பாகப் போகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். காற்றோட்டத்துக்கு ஒரு வகை மென்பொருள், உறுதிக்கும் அதிர்வுக்கும் இன்னொரு வகை, பறக்கும் விதத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் வேறொரு வகை. ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது. ஆனால் சின்ன குழுவிடம் இருக்கிற நாட்களும் பணமும் கொஞ்சம்தான். எதில் முதலில் போடுவது என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, எங்கள் ட்ரோனையே கையில் வைத்துக்கொள்வோம். ஆறு மோட்டார், 22 அங்குல ப்ரொபெல்லர், மடக்கக்கூடிய ஆர்ம்கள். டேங்க் நிறைந்தால் 24 கிலோ, காலியானால் 14 கிலோ. 24-இல் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. 2021 ட்ரோன் விதிகளில் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை "சிறிய" வகை. 25-ஐத் தாண்டினால் "நடுத்தர" வகைக்குப் போய்விடும். விவசாயத் தெளிப்பு ட்ரோன்கள் பலவும் இந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்பது அதனால்தான்.

முதலில் ஒரு எக்ஸெல் ஷீட்

பத்து வரிக் கணக்கு ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் எந்த மென்பொருளையும் திறக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் பழக்கம். ட்ரோன் அந்தரத்தில் நிற்க, அதன் எடைக்குச் சமமான விசையால் காற்றைக் கீழே தள்ள வேண்டும். ஆறு ப்ரொபெல்லரும் வீசும் மொத்தப் பரப்பு சுமார் 1.47 சதுர மீட்டர். கோடையில் 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோ. 24 கிலோவைத் தாங்க, ப்ரொபெல்லர் தளத்தில் காற்று நொடிக்கு 8.4 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். எந்த இழப்பும் இல்லை என்றால் அதற்குக் கிட்டத்தட்ட 2 கிலோவாட் போதும். ப்ரொபெல்லரின் இழப்பையும், மோட்டார், ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) இழப்பையும் சேர்த்தால் 3.8 கிலோவாட் அளவுக்கு வந்துவிடும்.

44.4 வோல்ட், 16,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 710 வாட் மணி. அதில் 80 சதவீதத்தைத்தான் பயமில்லாமல் எடுக்கலாம். முழுச் சுமையோடு நின்றால் 9 நிமிடம் வரும். ஆனால் தெளிக்கத் தெளிக்க எடை குறைகிறது. தேவைப்படும் மின்திறன் எடையின் ஒன்றரை மடி அடுக்கில் மாறுவதால், 14 கிலோவுக்கு வரும்போது ஆரம்பத்தில் இழுத்ததில் 45 சதவீதம்தான் இழுக்கும். சராசரி எடுத்தால் 12, 13 நிமிடம் பறக்கலாம். இந்த ஒரே ஷீட்டில் ப்ரொபெல்லர் அளவையோ பேட்டரியையோ மாற்றினால் அடுத்த நொடி விடை கிடைக்கும். 20 அங்குலமா 22 அங்குலமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஈகால்க் போன்ற இணையக் கணிப்பான்கள் இதையேதான் செய்கின்றன. கூடவே மோட்டார், பேட்டரி விவரங்களைத் தொகுத்து வைத்திருப்பதால் வேலை இன்னும் சுலபம்.

இந்த ஷீட்டின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. இழப்புகளுக்கு நான் போட்ட எண்கள் ஊகம். ப்ரொபெல்லரின் திறன் 0.65 என்று போட்டேன், அது 0.55 ஆக இருந்தால் பறக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் போய்விடும். அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் முதல் உண்மையான தேர்வு வருகிறது.

ப்ரொபெல்லரைக் கணக்கிடுவதா, அளப்பதா

எம்ஐடி பேராசிரியர் மார்க் ட்ரேலா 1986-இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் என்ற மென்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தைக் கொடுத்தால், அதன் ஏற்றுவிசையையும் இழுவையையும் சில நொடிகளில் சொல்லிவிடும். ப்ரொபெல்லரையும் மோட்டாரையும் சேர்த்துக் கணக்கிட அவரே க்யூப்ராப் என்ற சின்ன நிரலும் கொடுத்திருக்கிறார். இரண்டும் இலவசம். இலினாய் பல்கலைக்கழகம் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த சிறிய ப்ரொபெல்லர்களின் அளவீடுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. 10, 12 அங்குல ப்ரொபெல்லர் போடுகிறவர்கள் முதலில் அங்கே போய்த் தேடுவது நல்லது. அளந்த எண் தயாராகக் கிடைக்கும்போது கணக்குப் போட்டு உட்கார வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியது மடக்கும் 22 அங்குலம். பிளேடின் சரியான வடிவத்தைத் தயாரிப்பாளர் தருவதில்லை. வடிவம் தெரியாமல் எவ்வளவு நல்ல மென்பொருளும் ஊகம்தான் சொல்லும். அதனால் த்ரஸ்ட் ஸ்டாண்ட் செய்தோம், அதாவது ப்ரொபெல்லர் தள்ளும் விசையை (த்ரஸ்ட்) அளக்கும் ஒரு தாங்கி.

இரும்புச் சட்டத்தில் விசையை அளக்கும் ஒரு லோடு செல், அதன் அளவைப் படிக்க எச்எக்ஸ்711 போர்டு, ஒரு ஆர்டுயினோ குட்டிக் கணினி, கரன்ட்டும் வோல்ட்டும் அளக்க ஒரு சென்சார். மொத்தம் சில ஆயிரம் ரூபாய், ஒரு வாரம் வேலை. லோடு செல் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மளிகைக் கடையிலிருந்து 5 கிலோ, 2 கிலோ எடைக்கல் வாங்கி வந்து தொங்கவிட்டோம். ப்ரொபெல்லரைத் தலைகீழாக மாட்டி, காற்று மேல்நோக்கிப் போகும்படி வைத்தோம்; இல்லாவிட்டால் தரையில் மோதித் திரும்பும் காற்று அளவைக் கெடுத்துவிடும். சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு கட்டாமல் இதை யாரும் ஓட்ட வேண்டாம். 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) 22 அங்குல ப்ரொபெல்லரின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

ஒரு மதியத்தில் நாலு கிலோ த்ரஸ்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம், எத்தனை வாட் என்று கையில் எண் வந்துவிட்டது. ஷீட்டில் ஊகமாக இருந்த கட்டத்தில் அளந்த எண் உட்கார்ந்தது. மல்டிரோட்டர், அதாவது எங்களுடையதைப் போலப் பல ப்ரொபெல்லரில் நிற்கும் ட்ரோன், செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில் என் பரிந்துரை தயக்கமில்லாமல் த்ரஸ்ட் ஸ்டாண்ட்தான். சொந்தமாக ப்ரொபெல்லர் வடிவமைக்கிறீர்கள் என்றால் மட்டும் க்யூப்ராப், எக்ஸ்ஃபாயில் பக்கம் போங்கள். அப்போதும் முதல் பிளேடு வந்ததும் ஸ்டாண்டில் ஏற்றிப் பாருங்கள்.

எல்லோரும் ஆசைப்படும் சிஎஃப்டி

காற்றோட்டத்தைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் சமன்பாட்டைத் தீர்ப்பதைத்தான் சிஎஃப்டி என்கிறோம். ட்ரோன் சிமுலேஷன் என்றதும் பலர் மனதில் வருவது இதுதான். எங்கள் மூன்று வாரம் போனதும் இதில்தான்.

இதன் உண்மையான பலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நாசா ஏம்ஸ் மையம் டிஜேஐ ஃபான்டம் 3-ஐ வைத்துச் செய்த ஆய்வைப் பார்க்கலாம். நாலு ப்ரொபெல்லர்களின் காற்றும் ஒன்றோடொன்றும் உடலோடும் எப்படி மோதிக்கொள்கிறது என்பதை ஓவர்ஃப்ளோ என்ற தங்கள் மென்பொருளால் கணக்கிட்டுக் காட்டினார்கள். இதைக் கையால் கணக்கிட முடியாது, கண்ணால் பார்க்கவும் முடியாது. ஆனால் அவர்கள் அதை ஓட்டியது பிளியடிஸ் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில்.

நம் மேசையில் அது எப்படி இருக்கும்? சுற்றும் ப்ரொபெல்லரை நேர்மையாகக் கணக்கிட வேண்டுமானால் ஒரு டிகிரிக்கு ஒரு அடி என்று எடுத்து வைக்க வேண்டும். 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. அதை 360 துண்டாக்க வேண்டும். ஓட்டம் நிலைக்கு வரப் பத்துச் சுற்றாவது போக வேண்டும், அதாவது 3,600 அடி. ஒவ்வொரு அடியிலும் ஒரு கோடிக் கட்டம். 16 கோர் கம்ப்யூட்டரில் இது நாள் கணக்கில் ஓடும். ரேம் பத்து லட்சம் கட்டத்துக்கு ஒன்று, இரண்டு ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு ஒரு கோணத்தில் உறைந்து நிற்பதாகப் பாவித்து ஒரே நிலையைக் கணக்கிடும் குறுக்கு வழி உண்டு. அது சில மணி நேரத்தில் முடியும். தனி ப்ரொபெல்லருக்கு அது பரவாயில்லை. ஆர்மும் உடலும் பக்கத்தில் இருக்கும்போது பிளேடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும், நம்ப முடியாது.

கம்ப்யூட்டர் ஓடும் நேரம்கூடப் பெரிதில்லை. மெஷ் போடுவதில்தான், அதாவது அந்தக் கட்டங்களை வெட்டுவதில்தான், ஆள் தேய்வார். வரைபடத்தில் இரண்டு பரப்பு சேராமல் மயிரிழை இடைவெளி இருந்தால்கூட மெஷ் அதற்குள் ஒழுகிவிடும். எங்கள் முதல் முயற்சி ஸ்டாண்டில் அளந்ததைவிட 14 சதவீதம் அதிகமாக த்ரஸ்ட் காட்டியது. பிளேடு நுனியில் கட்டங்கள் மிகப் பெரிதாக இருந்தது ஒரு காரணம், ஸ்கேன் செய்த பிளேடில் முறுக்குக் கோணம் சற்றுத் தப்பியது இன்னொன்று. அளந்த எண் கையில் இருந்ததால் தப்பு தெரிந்தது. இல்லாவிட்டால் அந்த 14 சதவீதத்தை நம்பிப் பேட்டரி வாங்கியிருப்போம். இந்த அளவு பிளேடில், இந்த வேகத்தில், காற்றோட்டம் சீராக இருந்து கொந்தளிப்பாக மாறுகிற எல்லையில் நடக்கிறது. வழக்கமான கொந்தளிப்பு மாதிரிகள் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் கொந்தளிப்பு என்று எடுத்துக்கொள்வதால் இங்கே தடுமாறுகின்றன.

எந்த மென்பொருள் என்றால், மூன்று வழி. ஓப்பன்ஃபோம் இலவசம், திறந்த மூலம், 2004 முதல் பொதுவில் கிடைக்கிறது. அதற்கு ஒழுங்கான சாளரம், பொத்தான் எதுவும் கிடையாது. கோப்புகளைத் திருத்தி ஓட்ட வேண்டும். பழக இரண்டு மாதமாவது ஆகும். ஆன்சிஸ் ஃப்ளூயன்ட் மாதிரி வணிக மென்பொருளில் மெஷ் போடுவது எவ்வளவோ சுலபம், ஆனால் வருட உரிமம் சின்ன கம்பெனி எட்டிப் பார்க்கும் விலையில் இல்லை. மாணவர் பதிப்பு இலவசம். கட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. கல்லூரிக் குழு என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். மூன்றாவது, சிம்ஸ்கேல் போல உலாவியிலேயே ஓடும் மேகக் கணினிச் சேவை. நல்ல கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கும் வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வருடம் முழுக்க ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஓப்பன்ஃபோம் தெரிந்த ஓர் ஆள்தான் நல்ல முதலீடு.

சரி, தெளிப்பு ட்ரோனில் சிஎஃப்டிக்கு இடமே இல்லையா? ஒரு இடத்தில் உண்டு, அது முக்கியமான இடம். ட்ரோனுக்குக் கீழே இறங்கும் காற்று கொஞ்சம் தள்ளிப்போனதும் முழுச் சுமையில் நொடிக்கு 16 மீட்டர் வரை போகக்கூடியது. அந்தக் காற்றில்தான் மருந்துத் துளி விழுகிறது. நாசிலை, அதாவது மருந்து பீய்ச்சும் முனையை, மோட்டாருக்கு நேர் கீழே வைத்தால் ஒரு மாதிரி, 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளினால் துளி மேலே சுழன்று பக்கத்து வயலுக்குப் போகும். துளிகளைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து கணக்கிட ஓப்பன்ஃபோமில் வசதி இருக்கிறது. பக்கத்து வயலில் வேறு பயிர் நிற்கும், ஓரத்தில் கிணறு இருக்கும், வரப்பில் ஆள் நிற்பார். இந்த ஒரு கேள்விக்காக நாங்கள் சிஎஃப்டியில் செலவிட்ட நாட்களை நான் வீண் என்று நினைக்கவில்லை.

அப்போதும் எதிர்ப்பக்கத்தில் ஒரு எளிய வழி நிற்கிறது. தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் காகிதம் கிடைக்கிறது. அதை வயலில் அரை மீட்டருக்கு ஒன்று என்று குச்சியில் குத்தி வைத்து மேலே பறந்தால், எங்கே எத்தனை துளி விழுந்தது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். நாங்கள் செய்தது இப்படி: நாசிலுக்கு ஆறு இடங்களை சிஎஃப்டியில் ஒப்பிட்டு நாலைத் தள்ளினோம், மிச்சம் இரண்டைக் காகிதத்தில் சோதித்தோம். சிஎஃப்டி சொன்ன துளி எண்ணிக்கை தப்பாகத்தான் இருந்தது. எது எதைவிட நல்லது என்று அது சொன்ன வரிசை சரியாக இருந்தது. வரிசையைக் கேட்கத்தான் சிஎஃப்டி லாயக்கு என்பது என் அனுபவம்.

மேல்மூடியைச் சுற்றிய காற்றோட்டம்? நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகரும் தெளிப்பு ட்ரோனுக்கு அந்த இழுவை ஒரு பொருட்டே இல்லை. எக்ஸெல் ஷீட்டில் இரண்டு வரி போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நடுங்கிய ஆர்ம்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். முழுச் சுமையில் எங்கள் மோட்டார்கள் 3,000 ஆர்பிஎம்மில் ஓடின, அதாவது நொடிக்கு 50 சுற்று. ப்ரொபெல்லரில் இம்மி சமநிலை தப்பினாலும் அது ஆர்மை நொடிக்கு 50 முறை உலுக்கும். டேங்க் காலியானால் 14 கிலோவுக்கு 2,300 ஆர்பிஎம் போதும், நொடிக்கு 38 சுற்று. ஆக ஒவ்வொரு முறை தெளிக்கும்போதும் அந்த உலுக்கல் 50 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக 38-க்கு இறங்குகிறது. வழியில் ஆர்மின் இயல் அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) உட்கார்ந்திருந்தால் ஒத்ததிர்வு வந்தே தீரும், சின்ன உலுக்கலே பெரிய ஆட்டமாகிவிடும்.

ஆர்ம் 35 மில்லிமீட்டர் கார்பன் குழாய், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர், மடக்குக் கீலிலிருந்து மோட்டார் வரை 42 சென்டிமீட்டர், நுனியில் அரைக் கிலோ. இதை இதற்கு முன்பே கணக்கிட்டிருந்தோம். 56 ஹெர்ட்ஸ் வந்தது. 50-க்கு மேலே, பிரச்சினை இல்லை என்று விட்டுவிட்டோம். பாகங்களை வரைய உதவும் ஃப்ரீகேட் மென்பொருளுக்குள்ளேயே கால்குலிக்ஸ் என்ற இலவச உறுதிக் கணிப்பான் இருக்கிறது. அதுவும் அதையேதான் சொன்னது. தப்பு மென்பொருளில் இல்லை. ஆர்மின் அடி சுவரில் புதைத்த மாதிரி அசையாமல் இருக்கிறது என்று நாங்கள் அதற்குச் சொல்லியிருந்தோம். உண்மையில் அங்கே இருந்தது மடக்குக் கீல். அதில் விரல் வைத்து அழுத்தினாலே இம்மி அசைவது தெரியும்.

ட்ரோனைப் பறக்க வைக்கும் போர்டான ஃப்ளைட் கன்ட்ரோலரின் லாகை, அதாவது பறப்புப் பதிவை, எடுத்து அதிர்வுகளைப் பிரித்துப் பார்த்தபோது 40 ஹெர்ட்ஸில் கோபுரம் மாதிரி ஒரு முனை நின்றது. 40 ஹெர்ட்ஸ் என்றால் 2,400 ஆர்பிஎம். அந்த வேகம் 15.4 கிலோவைத் தாங்கும் வேகம், அதாவது டேங்கில் ஒன்றரை லிட்டர் மிச்சம் இருக்கும் நேரம். அன்று காலை ஆடியது மிகச்சரியாக அந்தக் கட்டத்தில்தான்.

குழாயைப் பருமனாக்கினால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. கீலின் நெகிழ்வையும் மாதிரியில் சேர்த்து மறுபடி ஓட்டினோம். 40 மில்லிமீட்டர் குழாய், இரண்டு மில்லிமீட்டர் சுவர் என்று போட்டாலும் கீல் அதுவேயாக இருந்தால் 46 ஹெர்ட்ஸ்தான் வந்தது. ஓட்டும் வரம்புக்கு இன்னும் நடுவிலேயே நிற்கிறது. கீலை மட்டும் இறுக்கினால் 49. இரண்டையும் மாற்றினால் 62. இரண்டு பிளேடு இருப்பதால் சுற்றுக்கு இரண்டு முறை வரும் உலுக்கல் 76-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை பரவுகிறது. 62 அதற்குக் கீழேயும், 50-க்கு மேலேயும், நடுவில் இருக்கும் காலி இடத்தில் போய் உட்கார்ந்தது. குழாய்க்கும் கீலுக்கும் ஆர்டர் கொடுத்தோம். இந்தக் கணக்கு முழுக்க ஒரு பிற்பகலில் முடிந்தது. மூன்று குழாய் வாங்கி வெட்டி மாட்டிப் பார்த்திருந்தால் ஒரு மாதம்.

நேரத்தை மிச்சப்படுத்துவது என்றால் இதைத்தான் சொல்வேன். மல்டிரோட்டரில் உறுதி, அதிர்வு சிமுலேஷன் போட்ட உழைப்புக்கு அதிகப் பலன் தருகிறது, அதுவும் இலவச மென்பொருளில், சாதாரண லேப்டாப்பில். கார்பன் குழாயின் விறைப்பை விளம்பரத் தாளில் இருந்து எடுக்காமல், மேசையில் பிடித்து எடை தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளந்து போடுங்கள்.

டேங்கில் தண்ணீர் அலையடிப்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 30 சென்டிமீட்டர் நீள டேங்கில் பாதி தண்ணீர் இருந்தால் அது நொடிக்கு ஒன்றரை முறை அலையடிக்கும். ட்ரோன் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வேகத்தோடு அது மோதக்கூடியது. சிஎஃப்டியில் அழகாகக் காட்டலாம். டேங்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடு இரண்டு வைத்தால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. நாங்கள் தகடு வைத்தோம்.

பறப்பதை முன்கூட்டியே பறந்து பார்ப்பது

ட்ரோனைப் பறக்க வைக்கும் திறந்த மூல நிரல்களான ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 இரண்டிலும், ட்ரோனில் ஓடும் அதே கட்டுப்பாட்டு நிரலை லேப்டாப்பில் ஓட்டி, பொய்யான ட்ரோன் ஒன்றைப் பறக்க வைக்கும் வசதி உண்டு. எஸ்ஐடிஎல் என்பார்கள். காசு கிடையாது, அரை நாளில் நிறுவிவிடலாம். எடை, மோட்டார் விசை, ஆர்ம் நீளம் கொடுத்தால் போதும். காற்று வீச வைக்கலாம், ஜிபிஎஸ்ஸைத் துண்டிக்கலாம், பேட்டரியை இறக்கலாம். நிஜ ட்ரோனில் மோட்டார் ஒன்றை நடுவானில் நிறுத்திச் சோதிக்க யாருக்கும் மனம் வராது; இங்கே நூறு முறை நிறுத்தலாம். வரப்பு வளைந்த வயலில் தெளிப்புப் பாதை எப்படித் திரும்புகிறது, டேங்க் தீர்ந்து வீட்டுக்கு வந்து மறுபடி விட்ட இடத்துக்கே போகிறதா என்பதையெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பார்த்துவிட்டோம்.

செவ்வாயில் பறந்த நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி இதற்கு நல்ல பாடம். 1.8 கிலோ, பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம் அளவுக்கே காற்று. சிமுலேஷனும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் 25 அடி வெற்றிடக் கூடமும் இல்லாமல் அது உருவாகியிருக்காது. 2021 ஏப்ரல் 19-இல் முதல் பறப்பு. அடுத்த மாதம் ஆறாவது பறப்பில், 54-ஆவது நொடியில் வழிகாட்டும் கேமராவின் ஒரு படம் தவறிப்போனது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்திலும் நேர முத்திரை தப்பு. ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் ஊசலாடியது. கட்டுப்பாட்டில் தாராளமாக இடம்விட்டு வடிவமைத்திருந்ததால் பத்திரமாக இறங்கியது. எஸ்ஐடிஎல்லில் உட்காரும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். ஒழுங்காகப் பறப்பதைப் பார்க்க அது தேவையில்லை. ஒரு சென்சார் தாமதமானால், ஒரு செய்தி விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று பார்க்கத்தான் அது தேவை.

கஸீபோ என்ற சிமுலேட்டர் இதற்கு மேல் முப்பரிமாண உலகத்தையும் சென்சார்களையும் சேர்த்துத் தரும். தடைகளைத் தவிர்க்கும் ட்ரோன், கேமராவைப் பார்த்து இறங்கும் ட்ரோன் என்றால் அதற்குப் போகலாம். பழைய "கிளாசிக்" பதிப்புக்கு 2025 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, புதிய பதிப்பிலேயே தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஏர்சிம் படம் கண்ணைப் பறிக்கும். 2022-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இவற்றில் எதுவும் உங்கள் ப்ரொபெல்லர் எவ்வளவு இழுக்கிறது, ஆர்ம் எங்கே ஒடிகிறது என்று சொல்லாது. நாம் கொடுத்த எண்ணைத்தான் திருப்பித் தரும். கட்டுப்பாட்டு ட்யூனிங்கை எஸ்ஐடிஎல்லில் முடித்துவிட்டதாக நினைப்பதும் தப்பு. அதிலிருக்கும் ஆர்ம் நடுங்காது, தண்ணீர் அலையடிக்காது.

இறக்கை வைத்த ட்ரோன் என்றால்

மேலே சொன்ன வரிசை மல்டிரோட்டருக்கு. நில அளவைக்குப் போகும் நிலையிறக்கை ட்ரோனோ, செங்குத்தாக எழும்பி இறக்கையில் பறக்கும் வகையோ செய்கிறீர்கள் என்றால் கதை தலைகீழ். அங்கே இறக்கையின் வடிவம், வாலின் அளவு, ஈர்ப்பு மையம் எங்கே என்பதுதான் எல்லாம். எக்ஸ்ஃபாயிலை உள்ளே வைத்துக் கட்டிய எக்ஸ்எஃப்எல்ஆர் 5 ஒரு இரவில் முப்பது இறக்கைகளை ஒப்பிட்டுக் காட்டும். நாசா 2012-இல் திறந்துவிட்ட ஓப்பன்விஎஸ்பியில் முழு விமானத்தையும் வரைந்து கணக்கிடலாம். இரண்டும் இலவசம். இறக்கை எந்தக் கோணத்தில் ஏற்றுவிசையை இழக்கும் என்பதில் மட்டும் இவற்றை நம்பாதீர்கள், எப்போதும் நல்லபடியாகவே சொல்லும். ஈர்ப்பு மையம் தப்பிய விமானம் முதல் பறப்பிலேயே நொறுங்கும், அதை எக்ஸ்எஃப்எல்ஆர் 5 பத்து நிமிடத்தில் தடுத்துவிடும். இந்த வகைக்கு அதை விட்டுவிட்டு நேரே கட்டப் போவது வேண்டாத துணிச்சல்.

மூன்று மாதமும் நாலு பேரும் இருந்தால்

இன்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் நான் போகும் வழி இது. முதல் மூன்று நாள் எக்ஸெல். அடுத்த ஒரு வாரம் த்ரஸ்ட் ஸ்டாண்ட். அதே வாரத்தில் இன்னொருவர் எஸ்ஐடிஎல்லை நிறுவி, எது எது கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டுவார். பிறகு இரண்டு வாரம் ஃப்ரீகேட், கால்குலிக்ஸ். ஆர்ம், கீல், கால் மூன்றும். பிறகு கட்டிப் பறக்க வேண்டும். முதல் ட்ரோன் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அது லாக் கொடுக்கும். சிஎஃப்டி அதற்குப் பிறகு, நாசில் எங்கே என்ற ஒரே கேள்விக்கு மட்டும். பணம் இருக்கிறது, ஆள் இல்லை என்றால் அந்த ஒரு வேலையை மேகச் சேவையில் முடித்துவிடலாம். விற்பனைக்கு வேண்டிய வகைச் சான்றிதழுக்கு எப்படியும் நிஜ ட்ரோன்தான் சோதனைக்குப் போக வேண்டும்.

லேப்டாப் மட்டும் வைத்திருக்கும் கல்லூரிக் குழுவுக்கு இதில் எதுவும் எட்டாததில்லை. சிஎஃப்டி படம் இல்லாமல் ப்ராஜெக்ட் எடுபடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. எடைக்கல் தொங்கவிட்டு அளந்த ஒரு வரைபடத்தை அவர்கள் முன் வையுங்கள், அதைப் பற்றிக் கேட்க அவர்களிடம் நிறையக் கேள்வி இருக்கும்.

இப்போது எங்கள் பட்டறைக்குப் புது ஆர்ம் வந்தால் நேரே மேசைக்குத்தான் போகிறது. கீலோடு சேர்த்து இறுக்கி, நுனியில் அரைக் கிலோ கட்டி, பக்கத்தில் அதிர்வுமானியை ஒட்டி, விரல் முட்டியால் ஒரு தட்டு. திரையில் வரும் எண்ணை மார்க்கரால் குழாயிலேயே எழுதிவிடுகிறோம். கடைசியாக வந்த ஆறில் ஐந்து 61-க்கும் 63-க்கும் நடுவில் இருந்தன. ஒன்றில் 54 என்று வந்தது. கீலைக் கழற்றிப் பார்த்தோம், உள்ளே ஒரு வாஷர் விட்டுப்போயிருந்தது.